கோவலன் திருடியிருந்தால்?

துப்பாக்கிக்கு எதிராக நின்ற பெண்கள் என்று பேச்செடுத்தால் நம்மில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஒரு புகைப்படம். 2004 ஜூலை 15, இம்பால், காங்லா கோட்டை வாசல். பன்னிரண்டு பெண்கள் உடையைக் களைந்து, இந்திய ராணுவமே எங்களையும் வல்லுறவு செய் என்ற வாசகத்தைத் தாங்கிய துணியைப் பிடித்தபடி நிற்கிறார்கள். அதற்கு நான்கு நாள் முன்னால்தான் தங்ஜம் மனோரமாவின் உடல் குண்டுக் காயங்களோடு கிடைத்திருந்தது. முந்தின இரவு அசாம் ரைபிள்ஸ் அவரை வீட்டிலிருந்து பிடித்துப் போயிருந்தது. அந்தப் படை அப்போது காங்லா கோட்டைக்குள்தான் இருந்தது.

அந்தப் படத்தைப் பற்றித் தமிழில் நிறைய எழுதியாயிற்று. கவிதைகள், மேடைப் பேச்சு, மார்ச் 8 சிறப்பிதழ்க் கட்டுரைகள். ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே சொல்தான் திரும்பத் திரும்ப வருகிறது: தாய். தாய்மையின் சீற்றம், தாய்மையின் நெருப்பு. இந்தச் சொல்லோடு எனக்கு ஒரு பிணக்கு இருக்கிறது. தெரேசா ரஹ்மானின் 'மணிப்பூரின் தாய்மார்கள்' (ஜுபான், 2017) என்ற ஆங்கில நூலை முன்வைத்து அதைப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் நூலின் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ரஹ்மான் அசாமைச் சேர்ந்த பத்திரிகையாளர். படத்தில் ஒரே உடம்பாகத் தெரியும் பன்னிரண்டு பேரையும் அவர் பன்னிரண்டு தனி ஆட்களாகப் பிரித்துவிடுகிறார். ஒவ்வொருவர் வீட்டுக்கும் போகிறார். அன்று காலை யாரிடமும் சொல்லாமல் கிளம்பியது, பிறகு சிறை, வீட்டில் உள்ளவர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள், உடம்பு முடியாமல் போனது என்று பலதும் வருகிறது. படத்தைத் திரும்ப வாழ்க்கையாக்குகிற வேலை இது. தமிழில் நாம் செய்யாத வேலையும்கூட. நாம் படத்தைப் பார்த்தே கவிதை எழுதிவிட்டோம்.

ஆனாலும் தலைப்பில் 'தாய்மார்கள்' இருக்கிறது. மணிப்பூரில் மூத்த பெண்களை 'இமா' என்று அழைப்பது வழக்கம். அது உறவுச் சொல், மரியாதைச் சொல். நம்மூர்ப் பேருந்தில் முன்பின் தெரியாத ஒருவரை 'அம்மா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க' என்கிறோமே, அது மாதிரி. ஆனால் அதை 'தாய்' என்று தமிழில் எழுதியதும் வேறு ஒன்று உள்ளே வந்துவிடுகிறது.

என்ன வருகிறது? புறநானூற்றுத் தாய் வருகிறாள். ஒக்கூர் மாசாத்தியாரின் தாய், காக்கைபாடினியாரின் தாய். ஒருத்தி இருக்கிற ஒரே மகனையும் போருக்கு அனுப்புகிறாள். இன்னொருத்தி மகன் புறமுதுகு காட்டிச் செத்திருந்தால் பால் கொடுத்த முலையை அறுத்தெறிவேன் என்று வாளோடு களத்துக்குப் போகிறாள். நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே ஊட்டப்பட்ட தாய் இவள். ஆயுதத்தை வேண்டாம் என்றவள் இல்லை, ஆயுதத்துக்குப் பிள்ளையைக் கொடுத்தவள். காங்லாவில் நின்றவர்கள் செய்தது இதற்கு நேர் எதிரான காரியம். அவர்களை இந்தத் தாயின் வாரிசாக்கி வாழ்த்துவது வாசிப்புப் பிழை.

புறநானூற்றுத் தாய்க்குப் பிறகு கண்ணகி. அந்தப் புகைப்படத்தைப் பார்க்கிற தமிழ் வாசகருக்குக் கண்ணகி நினைவுக்கு வராமல் இருப்பது கஷ்டம். உடம்பையே ஆயுதமாக்கி ஓர் அரசை எரித்தவள். ஆனால் வரிசையைக் கவனிக்க வேண்டும். கோவலன் விசாரணை இல்லாமல் கொல்லப்படுகிறான். இன்றைய பேச்சில் சொன்னால் என்கவுன்டர். கண்ணகி முதலில் எரிக்கவில்லை. முதலில் அரண்மனைக்குப் போகிறாள், கையில் சாட்சியத்தோடு. சிலம்பை உடைக்கிறாள், உள்ளே இருப்பது முத்தல்ல, மாணிக்கம் என்று நிரூபிக்கிறாள். தீ அதற்குப் பிறகுதான் வருகிறது. நாம் தீயை வைத்துக்கொண்டோம். சாட்சியத்தை விட்டுவிட்டோம்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. கண்ணகியின் வழக்கு நிற்பதே கோவலன் திருடவில்லை என்ற ஒரே காலில்தான். அவன் திருடியிருந்தால்? சிலம்பை உடைத்தபோது முத்து உதிர்ந்திருந்தால்? அப்போதும் அவனை விசாரிக்காமல் வெட்டியது தவறுதானே? அந்தக் கேள்வியைக் கேட்க அவளுக்குக் காப்பியத்தில் இடம் இருந்திருக்குமா?

'தாய்' என்ற சட்டகத்தின் சிக்கலும் இதே இடத்தில்தான். அழுகிற தாய்க்குப் பின்னால் ஒரு குற்றமற்ற பிள்ளை இருந்தே ஆக வேண்டும். பிள்ளை சுத்தமானவன் இல்லை என்று தெரிந்ததும் தாயின் கண்ணீருக்கு மதிப்புக் குறைந்துவிடுகிறது.

காங்லாப் பெண்கள் இந்தப் பொறியில் விழவில்லை என்பதுதான் வேடிக்கை. மனோரமா தடைசெய்யப்பட்ட அமைப்பைச் சேர்ந்தவர் என்று படை சொன்னது. அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று வாதாடுவதற்காக அந்தப் பெண்கள் அங்கே நிற்கவில்லை. நாங்கள் எல்லாரும் மனோரமாவின் தாய்மார்கள் என்றார்கள். அவர் யாராக இருந்தாலும் இப்படிச் செய்ய உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது என்பதுதான் அதன் பொருள். குற்றமின்மையை நிபந்தனையாக வைத்தது அவர்கள் இல்லை, அவர்களைப் பாடிய நாம்.

*

இங்கே பிள்ளைப்பாக்கத்தில் மாதத்தில் ஒரு ஞாயிறு ஏழெட்டுப் பேர் கூடி எதையாவது வாசிக்கிறோம். பெரும்பாலும் சிப்காட் கம்பெனிகளில் ஷிப்ட் பார்க்கிற பெண்கள். ரஹ்மானின் நூலை நான் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டார்கள். உடை களைந்த இடம் வந்தபோது அறையில் சத்தமே இல்லை. முடித்ததும், கலசப்பாக்கம் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கி வேலை பார்க்கிற ஒரு பெண் கேட்டது இது: "ஜெயில்ல இருந்தப்போ வீட்ட யாருக்கா பாத்துக்கிட்டா? சோறு யாரு பொங்குனா?"

இருபது வருஷமாக அந்தப் படத்தைப் பற்றி எழுதிய நம்மில் எத்தனை பேர் இதைக் கேட்டோம் என்று தெரியவில்லை. ஆனால் மணிப்பூரிலேயே இந்தக் கேள்வியிலிருந்து பிறந்த வேலை ஒன்று இருக்கிறது. அது புகைப்படமாகவில்லை, அதனால் நம்மிடம் வந்து சேரவும் இல்லை. 2004 டிசம்பர் 24 அன்று, 27 வயது இளைஞர் ஒருவர் அவருடைய கடையிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார். பினாலட்சுமி நெப்ரம் அவருடைய இளம் மனைவியைப் போய்ப் பார்த்தார். ஆறுதல் சொல்வதோடு நிற்காமல் 4,500 ரூபாய்க்கு ஒரு தையல் மெஷின் வாங்கக் காசு கொடுத்தார்கள். அங்கே தொடங்கியதுதான் பின்னால் மணிப்பூர்ப் பெண் துப்பாக்கித் தப்பியோர் வலையமைப்பாக வளர்ந்தது. சுட்டது படையா, ஆயுதக் குழுவா, அடையாளம் தெரியாத ஆளா என்பதை அங்கே உதவிக்கு நிபந்தனையாக வைக்கவில்லை. கணவன் போனான், வீட்டில் வருமானம் நின்றது, பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டும். அங்கிருந்து தொடங்கு.

தையல் மெஷின் என்றதும் எங்கள் அறையில் இருந்தவர்களுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. இந்தப் பகுதியில் ஒரு பெண்ணின் சம்பளம் என்றால் என்ன என்று யாரும் அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பக்கத்தில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குகிற அளவுக்கு ஒரு விடுதியையே அரசு கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது. அந்தச் சம்பளத்தை நம்பி எத்தனை ஊர்களில் எத்தனை வீடுகள் இருக்கின்றன என்று யோசித்துக்கொள்ளலாம். துப்பாக்கிக் குண்டு ஒரு வீட்டுக்குள் புகுந்தால் மாதக் கணக்கில் ஓட்டை விழுகிறது. அதை அடைக்கிற வேலையும் துப்பாக்கி எதிர்ப்புதான்.

*

இரண்டாவது, சாட்சிய வேலை. சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டவர்களின் குடும்பங்கள் சேர்ந்து 2009-இல் மணிப்பூரில் ஒரு சங்கம் அமைத்தார்கள். சுருக்கமாக ஈவ்ஃபாம். முன்னின்றவர்கள் பெரும்பாலும் இளம் விதவைகள். 'ஹியூமன் ரைட்ஸ் அலர்ட்' அமைப்போடு சேர்ந்து இவர்கள் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு மனு போட்டார்கள். 1979 முதல் 2012 வரை நடந்ததாக 1,528 கொலைகளின் பட்டியல் அதில் இருந்தது.

இந்தப் பட்டியலை நான் ஒரு இலக்கியப் பிரதிக்குரிய மரியாதையோடு பார்க்கிறேன். ஒரு பெயர், ஒரு தேதி, ஒரு இடம் சேர்வதற்கு முன்னால் எத்தனை வீட்டுத் திண்ணையில் எத்தனை முறை உட்கார்ந்திருப்பார்கள்! பேச மறுத்தவர்கள், பயந்தவர்கள், மறுமணம் ஆகிப் போனவர்கள் எல்லாரும் இருந்திருப்பார்கள். கண்ணகியின் கையில் ஒரு சிலம்பு இருந்தது. இவர்கள் 1,528 சிலம்பு கொண்டு போனார்கள்.

நீதிமன்றம் 2013 ஜனவரியில் நீதிபதி சந்தோஷ் ஹெக்டே தலைமையில் மூவர் குழு அமைத்தது. குழு ஆறு வழக்குகளை மட்டும் எடுத்து விசாரித்தது. ஆறில் ஒன்றுகூட உண்மையான மோதல் இல்லை என்று அறிக்கை கொடுத்தது. இறந்தவர்களில் ஒருவன் 12 வயதுச் சிறுவன். 2016 ஜூலை 8 அன்று நீதிபதிகள் மதன் லோகூர், யு.யு. லலித் அமர்வு தீர்ப்புச் சொன்னது. பதற்றப் பகுதி என்று அறிவித்திருந்தாலும் படைக்கு முழு விலக்கு கிடையாது என்றது. செத்தவர் சாதாரண ஆளா, ஆயுதமேந்தியவரா என்பதல்ல, வரம்பு மீறிப் படைபலம் பயன்படுத்தப்பட்டதா என்பதுதான் விசாரிக்கப்பட வேண்டியது என்பதே அதன் சாரம். 2017 ஜூலையில் மத்தியப் புலனாய்வுத் துறையின் சிறப்புக் குழு விசாரிக்க உத்தரவானது. தண்டனை என்று பார்த்தால் வழி இன்னும் நீளம். ஆனால் 'கோவலன் திருடியிருந்தால்?' என்ற கேள்விக்கு இந்த நாட்டில் எழுத்தில் ஒரு பதில் கிடைத்தது இந்தப் பெண்களால்தான். திருடியிருந்தாலும் விசாரிக்க வேண்டும்.

இந்தத் தீர்ப்பைப் பற்றித் தமிழில் ஒரு கவிதையும் என் கண்ணில் படவில்லை. பட்டியலுக்கு உடம்பு இல்லை, அதுதான் காரணம் போல.

படமாகிவிட்டவர்களுக்கு நேர்வது என்ன என்பதை இரோம் சர்மிளாவிடம் பார்க்கலாம். மாலோமில் 2000 நவம்பர் 2 அன்று பத்துப் பேர் சுட்டுக் கொல்லப்பட்டதை ஒட்டித் தொடங்கிய பட்டினிப் போராட்டம் 2016 ஆகஸ்ட் 9 வரை நீண்டது. மூக்கில் குழாயோடு இருந்த முகத்தை உலகமே வணங்கியது. குழாயை எடுத்துவிட்டு, தேர்தலில் நிற்கிறேன், கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று சொன்னதும் அதே ஊர் முகத்தைத் திருப்பிக்கொண்டது. 2017 தேர்தலில் தௌபாலில் அவருக்குக் கிடைத்தது 90 ஓட்டு. வணங்கப்பட்டது படம்தான், அந்தப் பெண்ணின் முடிவெடுக்கும் உரிமை இல்லை.

*

'தாய்' சட்டகத்தின் அடுத்த சிக்கல், அது யார் கையில் இருக்கிற துப்பாக்கி என்று கேட்க விடாது. தாய் என்றால் யாரோ ஒருவரின் தாய், ஏதோ ஒரு இனத்தின் தாய்.

2023 மே 3-இல் மணிப்பூரில் மெய்தேய் – குக்கி மோதல் வெடித்த பிறகு இது அப்பட்டமாகத் தெரிந்தது. ஆயுதக் கிடங்குகளிலிருந்து சுமார் 6,000 துப்பாக்கிகள் கொள்ளை போயின. இரு தரப்பிலும் பெண்கள் சாலையை மறித்து நின்றார்கள். ஜூன் 24 அன்று இதாம் கிராமத்தில், பிடிபட்டிருந்த ஆயுதக்குழுவினர் 12 பேரை, பெண்கள் முன்னின்ற 1,200 – 1,500 பேர் கொண்ட கூட்டம் சூழ்ந்துகொண்டதால் விட்டுவிட வேண்டியதாயிற்று என்று ராணுவம் சொன்னது. படையின் துப்பாக்கியை எதிர்த்து உருவான மைரா பைபி மரபின் ஒரு பகுதி, தன் பிள்ளைகள் கையிலிருந்த துப்பாக்கிக்கு வேலியாக நின்றது. இதற்கு 2017-இல் வந்த ஒரு நூலைப் பொறுப்பாக்க முடியாது. ஆனால் 'தாய்' என்று மட்டும் வாசித்துப் பழகியவர்களுக்கு இந்தக் காட்சியைப் புரிந்துகொள்ள மொழி இல்லாமல் போனது உண்மை. ஒன்று மௌனமானோம், இல்லையென்றால் கட்சி கட்டினோம்.

தமிழில் இந்தக் கேள்வியை முழுசாகக் கேட்ட ஒருவர் இருந்தார். ரஜனி திராணகம. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவர். ஒரு காலத்தில் புலிகளுக்கு உதவியவர், பிறகு விலகியவர். 1987-இல் இந்தியப் படை யாழ்ப்பாணத்துக்குள் போரோடு புகுந்தபின், பாதிக்கப்பட்ட பெண்களைத் தேடிப்போய் அவர்கள் சொன்னதைப் பதிவு செய்தார். 'முறிந்த பனை'யில் பெண்களின் அனுபவம் பற்றிய அத்தியாயம் அப்படி உருவானது. அந்த நூல் இலங்கைப் படையை விடவில்லை, இந்தியப் படையை விடவில்லை, தமிழ் இயக்கங்களையும் விடவில்லை. 1989 செப்டம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்புகையில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35. சுட்டது புலிகள் என்பதே அவருடைய சகாக்களும் குடும்பத்தினரும் தொடர்ந்து சொல்லிவருவது.

அவரைப் பற்றி ஹெலன் க்ளோடாவ்ஸ்கி 2005-இல் எடுத்த கனேடிய ஆவணப்படம் ஒன்று உண்டு. தலைப்பே அந்த அத்தியாயத்தின் தலைப்புதான், 'இனிக் கண்ணீர் இல்லை, சகோதரி' என்ற பொருளில். ரஜனியாக நடித்திருப்பவர் அவருடைய மகள். உருக்கமான படம், பார்க்க வேண்டிய படம். என் குறை, அதில் காதலும் பிரிவும் சாவும் எடுத்துக்கொள்கிற இடத்தை அந்தப் பதிவு வேலை எடுத்துக்கொள்ளவில்லை என்பது. ஒரு பெண் இன்னொரு பெண்ணின் முன்னால் உட்கார்ந்து, சொல்லக் கூசுவதைச் சொல்ல வைத்து, எழுதிக்கொண்டு வருவது எப்படி நடக்கிறது? அதைத்தான் நாம் கற்றுக்கொள்ள வேண்டும். இங்கேயும் தியாகி கிடைக்கிறார், வேலை மங்கிவிடுகிறது.

ரஜனி கொல்லப்பட்டு இருபது மாதத்தில், 1991 மே 21 அன்று, இங்கிருந்து பக்கத்திலிருக்கும் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பெண் இடுப்பில் வெடிகுண்டோடு வந்தாள். ராஜீவ் காந்தியோடு செத்தவர்களில் அவருக்குக் கவிதை சொல்ல வந்த சிறுமியும் அவள் தாயும் உண்டு. பெண்ணும் ஆயுதமும் என்றால் இந்த வட்டாரத்துக்குத் தெரிந்த கதை இது ஒன்றுதான். ஆயுதத்தை, எல்லார் ஆயுதத்தையும், கேள்வி கேட்ட பெண்ணின் பெயர் இங்கே எனக்குத் தெரிந்த யாருக்கும் தெரியாது.

*

தமிழ்நாட்டில் துப்பாக்கிச் சாவு என்றால் பெரும்பாலும் அரசின் துப்பாக்கிதான். தூத்துக்குடி, 2018 மே 22. ஸ்டெர்லைட்டுக்கு எதிராகக் குமரெட்டியாபுரத்தில் ஆரம்பித்த போராட்டத்தின் நூறாவது நாள். 13 பேர் கொல்லப்பட்டார்கள், அவர்களில் பெண்களும் உண்டு. அருணா ஜெகதீசன் ஆணையம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தது. ஆத்திரமூட்டல் எதுவும் இல்லாமல் சுட்டார்கள் என்று முடிவு சொன்னது, 17 காவல்துறையினர் மீது நடவடிக்கை பரிந்துரைத்தது. 2022 அக்டோபரில் அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. இங்கே நமக்குக் குழப்பம் இல்லை. செத்தவர்கள் குற்றமற்றவர்கள், ஊரே அழுதது.

ஆனால் 2023 ஆகஸ்டில் கூடுவாஞ்சேரி அருகே இரண்டு பேர், டிசம்பரில் காஞ்சிபுரத்தில் இரண்டு பேர் போலீஸ் சுட்டுச் செத்தார்கள். இரண்டும் எங்கள் பக்கத்து ஊர்கள். செய்தியில் அவர்கள் ரவுடிகள். வழக்குகள் இருந்தன, அரிவாளால் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். அது உண்மையா என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. அதைச் சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது என்பதுதான் என் வாதம். 2014-இல் பி.யு.சி.எல். வழக்கில் உச்ச நீதிமன்றம் 16 நெறிமுறைகள் வகுத்திருக்கிறது. முதல் தகவல் அறிக்கை போட வேண்டும். வேறு காவல் நிலையமோ சி.ஐ.டி.யோ விசாரிக்க வேண்டும். நடுவர் விசாரணை வேண்டும். குடும்பத்துக்கு உடனே சொல்ல வேண்டும். சுட்டவர்களுக்கு உடனடிப் பதவி உயர்வோ வீர விருதோ கூடாது. முறை மீறப்பட்டதாகக் குடும்பத்துக்குத் தோன்றினால் மாவட்ட அமர்வு நீதிபதியிடம் புகார் கொடுக்கலாம்.

கடைசி நெறிமுறை பெரும்பாலும் ஒரு பெண்ணைத்தான் தேடுகிறது. மனைவி, அம்மா, தங்கச்சி, யாரோ ஒருத்தி. அவள் போக வேண்டும் என்றால் கூட ஒருவர் வர வேண்டும், ஒரு நாள் கூலி போக வேண்டும், மனு எழுதத் தெரிந்த ஆள் வேண்டும்.

இதை எங்கள் ஞாயிறு அறையில் சொன்னபோது ஒருத்தர் உடனே, "ரவுடிதானேக்கா, செத்தா செத்துட்டுப் போறான்" என்றார். நான் பதில் சொல்வதற்குள் சோறு யார் பொங்கினார்கள் என்று கேட்ட அதே பெண் கேட்டார்: "அவன் சரி. அவன் பொண்டாட்டி என்னா பண்ணா? அவ புள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் யாரு கட்டுறா?"

அந்த மனைவிக்குத் தமிழில் இடம் இல்லை. அவள் வீரத்தாய் இல்லை, கண்ணகியும் இல்லை. அவள் கணவன் திருடியே இருக்கலாம். நம் மேடை, நம் கவிதை, நம் சினிமா எதிலும் அவளுக்கு ஒரு வரி கிடையாது. சுட்ட அதிகாரிக்குக் கைதட்டல் மட்டும் தாராளமாக உண்டு. மணிப்பூரின் விதவைகள் சேர்த்த பட்டியலிலோ இவளுக்கும் ஒரு வரி இருந்திருக்கும்: பெயர், தேதி, இடம், கடைசியாகப் பார்த்தவர் யார்.

காங்லா படத்தை நாம் கொண்டாடுவதில் தவறில்லை. ஆனால் அந்தப் பன்னிரண்டு பேரிடமிருந்து எதையாவது கற்றுக்கொண்டோமா என்பதை, நெருப்பைப் பற்றி எத்தனை கவிதை எழுதினோம் என்பதை வைத்து அளக்க முடியாது. அடுத்த முறை செங்கல்பட்டிலோ காஞ்சிபுரத்திலோ ஒரு ரவுடி சுட்டுக் கொல்லப்பட்டான் என்று செய்தி வரும்போது, அவன் வீட்டுக் கதவைப் போய்த் தட்டுகிற பெண்கள் நான்கு பேர் இந்தப் பக்கம் இருப்பார்களா? அதுதான் அளவுகோல். தட்டினால் கேட்க வேண்டிய முதல் கேள்வி எது என்று எங்கள் அறையில் ஒருத்திக்கு ஏற்கெனவே தெரியும்.